குறை தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

ஒரு சட்டையைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அதில் எங்கே கோளாறு என்று செக்கிங் அக்காவுக்குத் தெரிந்துவிடும். தையல் ஆலையில் அவளுக்கு அதுதான் வேலை. நீளமான மேஜை, தலைக்கு மேல் வரிசையாக டியூப்லைட், இடது கைப்பக்கம் சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் கொண்ட ஒரு தாள். சட்டை வந்ததும் காலரைப் பார்ப்பாள், தோளைப் பார்ப்பாள், பொத்தான் ஒவ்வொன்றையும் திருகிப் பார்ப்பாள், பிறகு உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்ப்பாள். ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் போதும், அந்த இடத்தில் அம்பு ஏறிவிடும். தைக்கிற பெண்கள் அவளைத் திட்டாத நாளில்லை. "அக்கா கண்ணுக்கு அவங்க பெத்த பொண்ணே பாஸாக மாட்டா" என்பது அங்கே பழகிப்போன கிண்டல். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தக் கண்ணை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தன் கூடப்பிறந்த தம்பியின் மேல் வைத்திருந்தாள். அந்த நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

தம்பி சின்ன வயதில் வீட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தான். திடீரென்று என்றும் சொல்ல முடியாது, மெதுவாக என்றும் சொல்ல முடியாது, அவனுக்கு மனசு சரியில்லாமல் போனது. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்பான். ஜன்னலுக்குத் துணி கட்டுவான். அம்மா இருந்தவரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டாள். அக்காவுக்குக் கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்து, அது தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்த நேரம். அம்மாவையும் தம்பியையும் பார்க்கப் போன இடத்தில் ஒரு மத்தியானம் அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். "வெளிய அவங்க நிக்கறாங்க, பாப்பாவைக் குடுக்க மாட்டேன்" என்று உள்ளே இருந்து கத்தினான். இவள் கதவை அடித்தாள், கெஞ்சினாள், சாபம் விட்டாள். பொழுது சாயும்வரை அவன் திறக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து கதவை உடைத்தார்கள். குழந்தை காலி வாளிக்குள் உட்கார்ந்து குவளையை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அழுதுகொண்டிருந்தவன் அவன்தான்.

அதற்குப் பிறகு மருத்துவம், மாத்திரை, அம்மா போன பின் மனநல இல்லம். இல்லத்தில் இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி அதுவே அவன் விலாசமாகிவிட்டது. மாதம் ஒருமுறை அக்கா போவாள். ஆலையில் தள்ளுபடியான சட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துப் போவாள், பழம் வாங்கிப் போவாள், கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருவாள்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியை அங்கிருந்த டாக்டர் நிறுத்தினார். போன மாதம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்க தம்பி நல்லா இருக்காரும்மா. மாத்திரையை அவரே வேளாவேளைக்குப் போட்டுக்கறார். இனிமே இவர் இங்க இருக்க வேண்டிய அவசியம் இல்ல. குடும்பத்தோட இருந்தா இன்னும் நல்லது."

அக்கா தலையாட்டினாள்.

"உங்களால முடியலேன்னா ஊருக்கு வெளிய எங்க நிரந்தர விடுதி இருக்கு, அங்க மாத்திடுவோம். சோறு தண்ணிக்குக் குறையிருக்காது. ஆனா அங்க போனவங்க வீட்டுக்குத் திரும்பறது அபூர்வம். அதையும் மறைக்காம சொல்லிடறேன்." பிறகு சொன்னார். "ஒரு நாள் வெளிய கூட்டிட்டுப் போங்க. கூட்டம், பஸ், புது இடம் எல்லாம் பார்க்கட்டும். எப்படி இருந்தார்னு சாயங்காலம் பொறுப்பாளர் அம்மாகிட்ட சொல்லுங்க. நான் அதை வெச்சு முடிவு பண்ணிக்கறேன்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "உன் தம்பி. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய். அவன் உள்ள படுத்துக்கட்டும், நான் ஹால்ல படுத்துக்கறேன், எனக்கென்ன" என்றார். நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டால் இது ஒரு தொல்லை. வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட்டு இவள் பாட்டுக்கு அழுது தீர்த்திருப்பாள். அவர் அதற்கு வழி வைக்கவில்லை.

குளியலறைக்குள் வாளியில் உட்கார்ந்திருந்த குழந்தை இப்போது இரட்டைப் பின்னல் போடுகிறது. அதற்கு அந்த நாள் எதுவும் ஞாபகமில்லை, கேள்விப்பட்டதோடு சரி. "மாமா வரட்டும்மா. ஆனா என் ரூமுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டது. விளையாட்டாகக் கேட்டதா, பயந்து கேட்டதா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. அன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கே கூட்டிப் போவது என்று யோசித்தாள். சினிமா என்றால் இருட்டு, சத்தம். சொந்தக்காரர் வீடு என்றால் ஆளாளுக்கு அவனைத் துருவுவார்கள். நகரத்துப் பழைய சாலையில் இரண்டு ஓவிய மியூசியங்கள் இருக்கின்றன, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து போய்வந்து, "அங்க யாருமே சத்தமாப் பேச மாட்டாங்கம்மா" என்று சொல்லியிருந்தாள். அமைதியான இடம், அவனுக்கு நல்லது என்று அக்கா முடிவு செய்தாள்.

அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாரும் வாய் மூடி நிற்கிற இடத்தில் ஒருவன் ஒரு அடி பிசகினாலும் பளிச்சென்று தெரியும். அவள் மேஜைமேல் வரிசையாக டியூப்லைட் எரிவதும் அதற்குத்தான். ஆனால் அப்படி ஒரு கணக்கு மனதில் ஓடியதை அவள் தன்னிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை இல்லத்து வாசலில் தம்பி தயாராக நின்றான். சவரம் செய்து, தலை வாரி, அவள் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தான். அக்காவின் கை தானாகப் போய் அவன் காலரைத் தொட்டது.

"என்னக்கா, பாஸா?" என்றான்.

"ஆமாடா, நீ ஒருத்தன்தான் பாக்கி." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பொறுப்பாளர் அம்மா படிவரை வந்து வழியனுப்பினார். தாட்டியான உடம்பு, கண்டிப்பான குரல், இவன்மேல் மட்டும் தனிப் பிரியம். "போய் நல்லா சுத்திப் பார்த்துட்டு வாப்பா. அக்காவைத் தொலைச்சிடாதே" என்றார்.

பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. அக்கா ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தபடியே வந்தாள். ஒருவர் அவன் காலை மிதித்தார். அவன் காலை இழுத்துக்கொண்டு, "பரவால்லைங்க" என்றான். குழந்தையோடு ஏறிய ஒரு பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தான். அந்தக் குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அவன் பேசாமல் இழுக்க விட்டான். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்குச் சப்பென்று இருந்தது. பிறகு அப்படி இருந்ததை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

பெரிய மியூசியம் உயரமான கூரையும் மரத்தரையுமாக இருந்தது. நடந்தால் பலகை முனகும். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் அறையைப் பார்த்து முடித்து அடுத்த அறை வாசலுக்கு வந்ததும் தம்பி நின்றுவிட்டான். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு காவலாளியிடம் கேட்டான்.

"போகலாங்களா?"

காவலாளி திருதிருவென விழித்தார். "போங்க சார்."

அடுத்த வாசலிலும் அதே கேள்வி. அதற்கடுத்த வாசலிலும் அதே. அக்காவுக்கு விஷயம் புரிந்தது. இல்லத்தில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஆள் உண்டு, கேட்காமல் யாரும் தாண்டக் கூடாது. கதவும் ஆளும் சேர்ந்து இருந்தால் இவன் கால் தானாக நிற்கிறது. சரி, இது ஒரு குறைதான் என்று அவள் மனது சட்டென்று குறித்துக்கொண்டது. வீட்டில் வந்து சமையலறைக்கும் கழிப்பறைக்கும் இப்படி அனுமதி கேட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்?

அவள் நினைத்து முடிப்பதற்குள் நாலாவது அறைக் காவலாளி எழுந்தே நின்றுவிட்டார். வயதானவர், மீசை நரைத்தவர். "அம்மா, இங்க வர்றவங்க எல்லாம் நான் ஒருத்தன் உட்கார்ந்திருக்கறதையே பார்க்க மாட்டாங்க. இவர் ஒருத்தர்தான் கேட்டுட்டு உள்ள வர்றார். உங்க வீட்டுக்காரரா?"

"தம்பி."

"நல்லா வளர்த்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

படங்களை அவன் மேய்கிற மாதிரி பார்க்கவில்லை, ஒவ்வொன்றாக நின்று பார்த்தான். ஒரு அறையில் இருந்த படத்தில் மார்பு நிறையப் பதக்கத்தோடு யாரோ ஒரு பெரிய மனிதர் ஆளுயரத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் பிரம்பு, காலில் கறுப்புப் பூட்ஸ், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தம்பி அக்காவின் காதுக்குப் பக்கத்தில் வந்து, "பாவம்கா, இவருக்கு ஷூ கடிக்குது" என்றான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனிதர் ஒரு காலில் பாரம் போடாமல் நின்ற லட்சணத்தையும் இறுக்கிப் பிடித்த உதட்டையும் பார்த்தால், கடிக்கத்தான் கடிக்கிறது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கப் போய் மூக்கு வழியாகவெல்லாம் சத்தம் வந்து கூடம் முழுக்க எதிரொலித்தது. இரண்டு அறைக்கு அப்பாலிருந்து ஒரு காவலாளி ஓடிவந்து, "அம்மா, சத்தம் போடக் கூடாது" என்று அதட்டினார். "மன்னிச்சுக்கங்க, இனிமே சிரிக்க மாட்டாங்க" என்று தம்பி பொறுப்பெடுத்துக்கொண்டான். மியூசியத்தில் திட்டு வாங்கியது அவள்தான். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்துத் தீர்த்தாள். கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. கூடவே ஒரு நினைப்பும் வந்தது. இப்படி நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தால் சாயங்காலம் என்ன சொல்வது?

மத்தியானம் மியூசியத்துக்குப் பின்பக்கம் மரத்தடியில் இருந்த கேன்டீனில் ரொட்டியும் டீயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவன் டீயில் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "டீ குடிக்கிறியா, பாகு காய்ச்சறியா?" என்று அவள் கேட்டாள். அவன் இன்னும் ஒரு கரண்டி போட்டான்.

பிறகு பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தான். உள்ளங்கையில் கொட்டினான். அக்கா எட்டிப் பார்த்து ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"அக்கா, எனக்கு எண்ணத் தெரியும்."

குரல் கூர்மையாக வந்தது. கையை மூடிக்கொண்டான். அக்கா நிமிர்ந்தாள். கோபம்! கோபம் வந்துவிட்டது! இனி என்ன செய்வான், தட்டைத் தள்ளுவானா, எழுந்து நடந்துவிடுவானா என்று காத்திருந்தாள். அவன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். ரொட்டித் தூளைத் தட்டிவிட்டான்.

"இல்லத்துல எண்ணுவாங்க. அது அவங்க வேலை. நீ எண்ணாதே" என்றான் மெதுவாக.

அதில் என்ன குற்றம் சொல்ல முடியும்? அவள் "சரிடா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான். "பாப்பா நல்லாப் படிக்கிறாளா?"

"கணக்குதான் கொஞ்சம் இடிக்குது."

"எனக்கும் அதுதான் இடிச்சுது." டம்ளரின் அடியில் தங்கிய சர்க்கரையைக் கரண்டியால் கிளறினான். "அன்னிக்கு பாத்ரூம்ல பாப்பா அழவே இல்லக்கா. உனக்குத் தெரியுமா? நான்தான் அழுதேன். என் மூக்கை அவ துடைச்சு விட்டா."

அக்கா வேறு பக்கம் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவன் வாய் திறந்ததே கிடையாது. அடுத்து வீட்டைப் பற்றிக் கேட்பான், என்னை எப்போ கூட்டிட்டுப் போவே என்று கேட்பான் என்று அவள் கல்லாகி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவனிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், அது அவளுக்குத் தெரியும். கேட்டுவிட்டால்கூட நல்லது, முடியாது என்று சொல்ல ஒரு இடமாவது கிடைக்கும். அவன் கேட்கவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கேன்டீன்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து, "அடுத்த மியூசியம் போலாமா?" என்றான்.

சின்ன மியூசியம் ஒரு பணக்காரக் குடும்பம் வாழ்ந்த பங்களா. படுக்கையறை, சாப்பாட்டறை எல்லாவற்றிலும் இந்தக் காலத்துப் படங்கள். சிவப்பை அப்பியிருந்தார்கள், கம்பியை வளைத்திருந்தார்கள். ஒன்றும் விளங்கவில்லை என்று அக்கா முணுமுணுத்தாள். "அவங்களுக்கும் விளங்கியிருக்காதுக்கா, விடு" என்றான் தம்பி. பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் ஒன்று கூச்சலோடு மாடிப்படியில் இறங்கி அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியது. அவன் சுவரோடு ஒட்டி நின்று எல்லாரையும் போகவிட்டு, தன் சட்டையைச் சரிசெய்துகொண்டு ஏறினான். அங்கேயும் குறை அகப்படவில்லை.

மாடியில் கடைசியாக ஒரு அறை. கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு சின்னப் பெண் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். "உள்ள ஒருத்தர்தான் போகலாம். கதவைச் சாத்திடுவோம். முதல்ல ஒரே இருட்டா இருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேலேர்ந்து வெளிச்சம் வரும். அதுதான் இந்த ஆர்ட். எப்ப வேணும்னாலும் உள்ளேர்ந்து தள்ளினா கதவு திறந்துக்கும்" என்று மனப்பாடமாகச் சொன்னாள்.

மூடின கதவு. இருட்டு. தனியாக.

"நீ போய்ப் பாருடா" என்றாள்.

இதைச் சொல்லும்போது எனக்கே அவள்மேல் ஆத்திரம் வருகிறது. காலையிலிருந்து பிள்ளை மாதிரி கூட வந்தவனை இருட்டறைக்குள் தள்ளிப் பார்க்க எந்த அக்காவுக்கு மனசு வரும்? அவளுக்கு வந்தது.

தம்பி கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நீ வரலியா?"

"ஒருத்தர்தான் போகணுமாம். நான் இங்கேயே நிக்கறேன்."

அவன் அவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். "சரிக்கா" என்று உள்ளே போனான். அந்தப் பெண் கதவைச் சாத்தினாள்.

அக்கா கதவுக்கு எதிரே நின்றாள். உள்ளே இருந்து சத்தமில்லை. அடுத்துப் போகக் காத்திருந்த ஒரு ஜோடி தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது. இன்னும் சத்தமில்லை. "சில பேர் ரொம்ப நேரம் இருப்பாங்க, பரவால்ல" என்றாள் வாசல் பெண். அக்காவுக்குக் காது அடைத்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்த கதவு, பித்தளைக் குமிழ். அன்றைய குளியலறைக் கதவும் வெள்ளைதான். உள்ளே தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருந்தது. சொட்டவில்லை, ஆனால் அவளுக்குக் கேட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டு கையும் ஒன்றாக ஓடின. கதவைப் படபடவென்று அடித்தாள்.

"திறடா! டேய், திறடா! பாப்பாவை வெளிய விடுடா!"

வாசல் பெண் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். அந்த ஜோடி பின்வாங்கியது. படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அக்கா நிறுத்தவில்லை. உள்ளங்கை எரிய எரிய அடித்தாள். "பாப்பாவைக் குடுத்துடுடா, உன்னைக் கும்பிடறேன்!"

கதவு திறந்தது. தம்பி நின்றான். பின்னால் அறை முழுக்க இளமஞ்சள் வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. அவன் அவள் கைகளைப் பார்த்தான், சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். ஒரு நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அக்கா, பாப்பா வீட்ல இருக்கா" என்றான். "நான் மட்டும்தான் உள்ள இருந்தேன்."

அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்தான். வாசல் பெண்ணிடம் தண்ணீர் கேட்டு வாங்கினான். "அக்காவுக்குக் கொஞ்சம் படபடப்பு. சரியாயிடும். நீங்க பயப்படாதீங்க" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னான். பிறகு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லத்தில் யாருக்காவது இப்படி வந்தால் செய்வார்கள் போலும், அவள் முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தான். அக்கா விக்கி விக்கி அழுதாள். பார்த்தவர்களிடம் இருவரில் இல்லத்திலிருந்து வந்தவர் யார் என்று கேட்டிருந்தால் ஒரு ஆளும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது.

"உள்ள நல்லா இருந்துச்சுக்கா. முதல்ல என் கையே எனக்குத் தெரியல. அப்புறம் சுவர் தெரிஞ்சுது, அப்புறம் கால். விடியற மாதிரி. நீ பார்த்திருக்கணும்" என்றான்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவனை அவ்வளவு பிடித்தது அவளுக்கு. கையைப் பிடித்து இப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாமா என்றிருந்தது. பொறுப்பாளர் அம்மாவிடம் நல்லபடியாகச் சொல்லிவிடுவது என்று முடிவும் செய்தாள். நாள் முழுக்கப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாயிற்று, அவனிடம் ஒரு குறையும் இல்லை, பயமெல்லாம் என்னிடம்தான் என்று சொல்லிவிடுவது. அதற்கடுத்த நிறுத்தத்திலேயே தன் வீடு கண்முன் வந்தது. இரண்டு அறை, இரண்டு கதவு. இவன் குளிக்கப் போவான். பெண் அறைக்குள் படித்துக்கொண்டிருப்பாள். ஏதாவது ஒரு கதவு கொஞ்சம் அதிக நேரம் சாத்தியிருக்கும். அவள் ஆலையில் மேஜை முன்னால் நின்றுகொண்டு அந்தக் கதவையே நினைத்துக்கொண்டிருப்பாள். இன்று மட்டும் இல்லை, தினம் தினம். தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவனால் ஆகும், தன்னால்தான் ஆகாது. அதை எந்த வாயால் சொல்வது?

இல்லத்துப் படியில் பொறுப்பாளர் அம்மா உட்கார்ந்து வெற்றுக் கையால் விசிறிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க, வாங்க. எப்படி இருந்துச்சு? என்னம்மா, தம்பி எப்படி இருந்தார்? டாக்டர் காலையில முதல் வேலையா கேட்பார்."

"நல்லாத்தான் இருந்தான்" என்றாள் அக்கா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "கடைசியிலதான். ஒரு ரூம். கதவு சாத்தியிருந்துச்சு, இருட்டு. அங்க பயந்துட்டான். கதவைப் போட்டு அடி அடின்னு அடிச்சு, ஒரே கத்தல். எல்லாரும் கூடிட்டாங்க."

சொல்லி முடித்தபோது அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. தம்பியின் பக்கம் திரும்பத் துணிச்சல் வரவில்லை. அடித்ததில் சிவந்து போயிருந்த உள்ளங்கைகளைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

பொறுப்பாளர் அம்மாவின் முகம் வாடிப்போனது. "ஐயோ" என்றார். அவனைப் பார்த்தார். "அப்படியாப்பா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவன் இல்லை என்று சொன்னால் போதும், அவள் கையை விரித்துக் காட்டச் சொன்னால் போதும். அவள் அதற்காகக் காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். சொல்லிவிடேன், என்னை மாட்டிவிடேன் என்று அவள் நெஞ்சுக்குள் கெஞ்சினாள்.

"ஆமாம்மா" என்றான் தம்பி. "பயந்துட்டேன். ரொம்ப இருட்டு. அக்கா மேல தப்பில்ல. நான் கத்தினதுமே அக்கா வந்து கதவைத் திறந்துட்டா. அழுதேன், தண்ணி வாங்கிக் குடுத்தா. முதுகுல தட்டிக் குடுத்தா."

"சரிப்பா, சரி. இனிமே அங்கெல்லாம் போக வேண்டாம்" என்று அவர் அவன் தோளைத் தடவினார். "நான் டாக்டர்கிட்ட சொல்லிக்கறேன்மா. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. உங்களால ஆனதைச் செஞ்சுட்டீங்க."

அக்கா வாயைத் திறந்தாள். அவனில்லை, நான்தான் என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது. பொறுப்பாளர் அம்மா அவள் ஏதோ சொல்வாள் என்று பார்த்தார். தம்பியும் பார்த்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"கிளம்புக்கா" என்றான் அவன். "பஸ் கூட்டமாயிடும். பாப்பா தனியா இருப்பா."

"சரிடா" என்றாள். படியிறங்கி நடந்தாள்.